இரண்டு பீமர்கள்

சத்தியவேட்டை அடுத்த சிற்றூர் ஒன்றில், கோடை விடுமுறையின்போது நடந்த திரௌபதி அம்மன் திருவிழாவின் படுகளக் காலை அது. இரவெல்லாம் பதினெட்டாம் போர் ஆடி முடித்த கூத்தர்கள், கண் சிவந்து, அரிதாரம் கலைந்து களத்திற்கு வந்து சேர்ந்திருந்தார்கள். மண்ணால் குழைத்துச் செய்த துரியோதனன் உருவம் களத்தின் நடுவே நெடுநீளமாக மல்லாந்து கிடந்தது. பீமன் வேடம் பூண்டவர் கதாயுதத்தால் அதன் தொடையில் அடித்தார். பாஞ்சாலி கூந்தல் முடித்தாள். காந்தாரி வேடத்தார் மார்பில் அறைந்துகொண்டு ஒப்பாரி வைத்தார். சூழ நின்ற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நம் குடும்பத்துச் சிறுவன் ஒருவன், ஏழு வயதினன், சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அவன் எப்போது எழுந்திருப்பான்?" என்று கேட்டான்.

அருகில் நின்ற உறவினர் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழாண்டு வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, அடிபட்டு வீழ்ந்தவன் அடுத்த நொடியே தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான் என்பது உலக இயற்கையாகத் தோன்றியிருக்கிறது. அதனை அவனுக்குக் கற்பித்தவர் யார்? பள்ளியன்று, பெற்றோரும் வாய்விட்டுச் சொல்லித் தந்தாரல்லர். அவன் நாள்தோறும் உண்ணும்போதும் உறங்கும் முன்பும் பார்த்துவந்த பொம்மைப் படங்கள் கற்பித்தன. அவற்றை அவன் கையில் கொடுத்தவர்கள் நாம். எனவே இக்கட்டுரையில் நாம் கூறப்போகும் குற்றச்சாட்டு முதற்கண் நம்மீதே விழுகின்றது என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறோம்.

சத்தியவேடு எல்லைப்புறத்து ஊர். 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அது செங்கற்பட்டு மாவட்டத்தில், தமிழ்ப் பகுதியில் இருந்தது. பின்னர் படாஸ்கர் பரிந்துரையின்படி எல்லைகள் திருத்தப்பட்டு, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்திற்குச் சென்று சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிறந்தபோது அதற்குள் அடங்கியது. அரசு அலுவலகத்தின் மொழி மாறியது. பள்ளியின் மொழி மாறியது. பேருந்துப் பலகையின் எழுத்து மாறியது. ஆயினும் வீட்டுத் திண்ணையிலும் களத்துமேட்டிலும் தமிழ் மாறவில்லை. தெலுங்கைப் பகையாகக் கருதாமல், இரண்டையும் நாவில் வைத்துக்கொண்டு வாழ்ந்த மக்கள் அங்குள்ளவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்காக இருந்தவை எவை என்று எண்ணிப் பார்த்தால், நாம் இழந்தது இன்னதென்பது விளங்கும்.

முதலாவது, பாரதக் கூத்து. சித்தூர், செங்கற்பட்டு, வடஆர்க்காடு வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில்களிலும் தருமராசர் கோயில்களிலும் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாகப் பல நாள்கள் விழா நடப்பது மரபு. பிள்ளைகள் அதனை எவ்வாறு பார்த்தார்கள்? மாலையில், கூத்தர்கள் விளக்கின் முன் அமர்ந்து முகத்துக்கு வண்ணம் தீட்டுவதைப் பார்த்தார்கள். மரத்தில் செதுக்கிய கிரீடத்தையும் புயக்கட்டையையும் கயிறு கொண்டு இறுக்கிக் கட்டுவதைப் பார்த்தார்கள். இரவில் துரியோதனனாக வந்து மண்ணதிர ஆடுகிறவர், பகலில் ஏர் ஓட்டும் இன்னார் என்பதை அறிந்திருந்தார்கள். அவர் கர்ச்சித்தபோது நடுங்கினார்கள். மறுநாள் அவரையே தேநீர்க் கடையில் கண்டு வெட்கத்தோடு சிரித்தார்கள். இடையிடையே கட்டியங்காரன் வந்து, கதையை நிறுத்தி, ஊர்ச் செய்தியைக் கேலி செய்து, முன்வரிசைச் சிறுவரை வம்புக்கிழுத்துப் போனான். இது வேடம், இது வாழ்வு என்ற பிரிவை எந்தப் பாடநூலும் இல்லாமலே அப்பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

அங்கே அவர்கள் கண்ட பீமன் யார்? பேருடல் படைத்தவன், வண்டி நிறைய உணவை ஏற்றிக்கொண்டு பகாசுரனிடம் சென்றவன், பெருந்தீனிக்காரன். பிள்ளைகளுக்கு அவனைப் பிடிக்கும். ஆனால் அதே பீமன் சூதாட்ட மண்டபத்தில், தன் மனைவி அவமதிக்கப்படும்போது, அத்தனை வலிமையையும் தோளில் வைத்துக்கொண்டு, தமையன் சொல்லுக்குக் கட்டுண்டு பல்லைக் கடித்தபடி நின்றான். முடிவில் அவன் வென்றபோதும், இடுப்புக்குக் கீழே அடித்தான் என்ற பழியோடு வென்றான். வலிமை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது, வெற்றிக்கும் விலை உண்டு, பகைவனுக்கும் அழுவதற்கு ஒரு தாய் உண்டு என்னும் மூன்று பாடங்களையும் ஒரு விழாவில் பிள்ளை பெற்றுவிடுகிறது. எவரும் அவற்றை அறவுரையாகச் சொல்வதில்லை. காந்தாரியின் ஒப்பாரி போதும்.

இரண்டாவது, அம்புலிமாமா. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கில் சந்தமாமா என்றும், தமிழில் அம்புலிமாமா என்றும் ஒரே வேளையில் தொடங்கிய இதழ் அது. எல்லைப்புறத்து இல்லங்களுக்கு இதனினும் பொருத்தமான இதழ் ஒன்றைக் கற்பனை செய்வதும் அரிது. அண்ணன் தெலுங்கிலும் தங்கை தமிழிலும் ஒரே கதையைப் படிக்கலாம்; படம் ஒன்றே. ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை நினைவிற் கொள்ளாதார் நம்மில் யார்? தோளில் பிணம், கையில் உருவிய வாள், சுற்றிலும் சுடுகாடு. சிறுவர் இதழில் பிணமா என்று அன்று யாரும் பதறவில்லை. அந்தப் பிணத்துள் இருந்த வேதாளம் ஒவ்வொரு திங்களும் ஒரு கதையைச் சொல்லி, ஈற்றில் ஒரு கேள்வியைக் கேட்டது. விடை தெரிந்தும் கூறாவிட்டால் தலை வெடித்துவிடும் என்றது. பிள்ளைகள் அடுத்த பத்திக்குப் போகுமுன் தாமே விடை தேடினார்கள். அரசன் சொன்ன விடையோடு சண்டையிட்டார்கள்.

இனி மற்றப் பீமனைக் காண்போம். 2008ஆம் ஆண்டில் போகோ அலைவரிசையில் சோட்டா பீம் என்னும் பொம்மைத் தொடர் தொடங்கிற்று. அதனை உருவாக்கிய நிறுவனம் ஐதராபாத்தில், அதாவது அந்நாளில் சத்தியவேட்டை உள்ளடக்கிய மாநிலத்தின் தலைநகரில் இருந்தது. அயல்நாட்டுப் பொம்மைகளே ஆண்ட திரையில் நம் நாட்டுச் சிறுவன் ஒருவன் தோன்றினான் என்று நாமும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியில் நியாயம் உண்டு. 2019இல் அவனுடைய மழலைப் பருவக் கதை நெட்ஃபிளிக்ஸ் வழியாக நாம் குடியேறிய நாடுகளுக்கும் வந்தது. ஆயின் அவன் காட்டும் உலகம் எத்தகையது? தோலக்பூர் என்னும் ஊருக்கு ஓயாமல் இடர் வருகிறது. பெரியவர்கள் செயலற்று நிற்கிறார்கள். அரசனும் ஒரு சிறுவனை எதிர்நோக்கி இருக்கிறான். பீம் ஒரு லட்டுவை விழுங்குகிறான், வலிமை பொங்குகிறது, பகைவன் வானில் பறந்து போய் விழுகிறான். எவருக்கும் காயம் ஆறுவதற்கு நாளாவதில்லை. எந்தத் தாயும் அழுவதில்லை. மறுநாள் மற்றொரு பகைவன்; மற்றொரு லட்டு.

அத்தொடரில் பீமுக்கு எதிராக நின்று பொறாமையால் வெதும்பும் முரட்டுச் சிறுவனின் பெயர் காலியா. இந்தி அறிந்தவர் கறுப்பன் என்று அதற்குப் பொருள் சொல்வர். நல்லவன் சிவந்த மேனியன். முரடனுக்கு நிறமே பெயர். நம் வீட்டுப் பிள்ளைகளின் நிறம் என்ன? குடியேறிய நாட்டின் பள்ளி முற்றத்தில் தன் தோல் நிறத்தைக் குறித்து ஒரு சொல் கேட்டுவிட்டு, வாடிய முகத்தோடு வீடு திரும்பும் பிள்ளைக்கு, ஆறுதலாக நாம் எடுத்து வைக்கும் பொழுதுபோக்கும் அதே சொல்லை அன்பான குரலில் சொல்கின்றதே! இதனை உருவாக்கியோர் தீய எண்ணத்தோடு செய்தார்கள் என்று நாம் கூறவில்லை. எண்ணாமல் செய்தார்கள் என்றால், எண்ணாமல் செய்வதே பிள்ளையின் உள்ளத்தில் ஆழமாகத் தங்கும் என்கிறோம்.

வேதாளம் கேட்ட கேள்விக்கு ஈடாக இன்று டோரா கேட்கும் கேள்வி இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கி, சுட்டி டிவியின் வழியே தமிழ் பேசிய இச்சிறுமி, திரைக்கு வெளியே உள்ள பிள்ளையைப் பார்த்து, பாலம் எங்கே இருக்கிறது என்று கேட்பாள். இமைகொட்டியபடி காத்திருப்பாள். நம் பிள்ளை இடப்புறம் என்றாலும், வலப்புறம் என்றாலும், வாயே திறவாவிட்டாலும், சரியாகச் சொன்னாய் என்று பாராட்டுவாள். சிறு குழந்தைக்குச் சொற்களைப் பழக்க இம்முறை உதவக்கூடும். ஆனால் தன் விடையைச் செவிமடுக்காத ஒருவரிடம் விடை சொல்லிப் பழகிய பிள்ளை, உண்மையான மனிதர் ஒருவர், "இல்லை கண்ணே, தவறு" என்று சொல்லும்போது சினம் கொள்வதில் வியப்பென்ன?

விளம்பரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொம்மைப் படங்களுக்கு இடையே இனிப்பும் நொறுக்குத் தீனியும் ஆடிப்பாடி வருகின்றன. சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களில் பரந்திருக்கும் ஸ்ரீசிட்டி தொழில் நகரில், கேட்பரி சாக்லேட் செய்யும் பேராலை ஒன்று 2016ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வயலாகவும் மேய்ச்சல் காடாகவும் இருந்த நிலம் ஆலைகளாக மாறியதும், வட்டாரத்து இளைஞரும் பெண்களும் முறைவேலைக்குப் பேருந்தேறிச் செல்வதும் அங்குள்ள பிள்ளைகளின் கண்முன் நிகழும் உண்மைகள். பாட்டோடும் பளபளப்போடும் வரும் சாக்லேட்டைப் பிள்ளை நன்கறியும். அதனைச் செய்து உறையிட்டு அனுப்பும் கைகள், தன் தெருவிலேயே இருந்தாலும், எந்தத் திரையிலும் அதற்குத் தெரிவதில்லை. உழைப்பைக் காட்டாத பொழுதுபோக்கு, பொருள்கள் தாமே தோன்றுகின்றன என்ற நம்பிக்கையை வளர்க்கிறது. சுவீடன் நாடு 1991ஆம் ஆண்டிலிருந்தே பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் தொலைக்காட்சி விளம்பரங்களைத் தடுத்துவிட்டது. இந்தியாவில் பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல்தான் விரிவான நெறிகளை வகுத்தது. சட்டம் வரும்வரை பெற்றோர் கண்மூடி இருக்க வேண்டுமென்பதில்லை.

"பிள்ளைகள் சற்று நேரம் சிரிக்கட்டுமே, இதற்கு இத்தனை வாதமா? நாமும் இரும்புக்கை மாயாவி படித்தவர்கள்தாமே, கெட்டா போனோம்?" என்பர் சிலர். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது அதனைப் பாடப் புத்தகத்துள் மறைத்துப் படித்தவர்களில் நாமும் உண்டு. ஆனால் மாயாவி ஒரு மாலையில் தீர்ந்துபோவான். அடுத்த இதழுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்த நாள்களில் கிணறும் மாமரமும் சண்டையும் சமாதானமும் இருந்தன. இன்று திரைக்கு முடிவில்லை. ஒன்று முடியுமுன் மற்றொன்று தானே தொடங்குகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பற்றி உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிவுரையில், இரண்டு முதல் நான்கு வயது வரை திரை முன் அமர்தல் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தை மிஞ்சலாகாது, குறைவாயின் நன்று என்றுள்ளது. நம் வீடுகளில் ஒரு வேளைச் சோறு ஊட்டவே அந்த ஒரு மணியும் போதவில்லை.

பார்ப்பது படியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் ஆல்பர்ட் பாண்டுரா என்னும் உளவியல் அறிஞர் 1961இல், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைச் சிறு குழந்தைகளுக்குக் காட்டினார். பின்னர் தனியே விடப்பட்டபோது அவர்களும் அவ்வாறே அடித்தார்கள். 1963இல் அதனைத் திரைப்படமாகவும், கேலிப்பட உருவத்தைப் போன்ற வேடத்திலும் காட்டியபோதும் பிள்ளைகள் பின்பற்றினார்கள். இச்சோதனையை மறுப்போரும் உளர்; பொம்மை அடிப்பதற்கென்றே உள்ளது, அதனை அடித்த பிள்ளை மனிதனை அடிக்கும் என்று கொள்ளலாகாது என்பர். அம்மறுப்பில் பொருள் உண்டு. பொம்மைப் படம் பார்த்த பிள்ளையெல்லாம் முரடனாகும் என்று நாமும் கூறவில்லை. ஜார்ஜ் கெர்ப்னர் என்னும் அறிஞர் கூறியதே நமக்கு நெருக்கமானது: தொலைக்காட்சியை மிகுதியாகப் பார்ப்போர், உலகம் உள்ளபடி இருப்பதினும் கொடியது, அச்சந்தருவது என்று நம்பத் தலைப்படுகின்றனர். பிள்ளையின் கை மாறுவதற்கு முன்பே அதன் உலகப் படம் மாறிவிடுகிறது.

நம் நாட்டிலும் இவ்வாதம் எழுந்ததுண்டு. 1997இல் தூர்தர்ஷனில் சக்திமான் தொடங்கியபின், தம்மைக் காக்க அவன் பறந்து வருவான் என நம்பிப் பிள்ளைகள் தீங்கு தேடிக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. அச்செய்திகளுள் சில மெய்யோ பொய்யோ என்பதே வழக்காயிற்று. எனினும் சக்திமானாக நடித்தவரே திரையில் தோன்றிப் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறும் நிலை வந்தது. கூத்தில் கட்டியங்காரன் நாள்தோறும் செய்த பணி அது. திரையில் கட்டியங்காரன் இல்லை. வீட்டில் அந்த இடத்தில் அமர வேண்டிய நாமும் அமர்வதில்லை.

இனி, நமக்கே உரிய ஒரு வாதத்துக்கு வருவோம். "அயலகத்தில் வாழ்கிறோம். தமிழ் பேச ஆளில்லை. பொம்மைப் படத்தின் வழியாகவேனும் பிள்ளை தமிழ் கேட்கிறதே" என்று நம்மவர் பலர் கூறக் கேட்கிறோம். இதுதான் நாம் மறுக்க முற்பட்ட வாதம். பிறமொழிக்கு அசைந்த உதடுகளின் மேல் ஒட்டவைத்த தமிழ் அது. அத்தமிழில் ஆணையுண்டு, ஆரவாரமுண்டு, நகையுண்டு. ஆனால் அதனைப் பேசுவோருக்கு ஊர் இல்லை. அதனைக் கற்ற பிள்ளை, "ஓடு, பிடி, விடாதே" என்று தெளிவாகக் கூவும். தொலைபேசியில் ஆயா, "சாப்பிட்டியா கண்ணு, என்ன குழம்பு?" என்று கேட்டால் வாயடைத்து நிற்கும். கேட்டது மொழிதான், ஆயினும் விடை சொல்லும் வேளையில் அது கைகொடுக்கவில்லை. சத்தியவேட்டார் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வேற்றுமொழி மாநிலத்தில் தமிழைக் காத்தது எந்த அலைவரிசையின் துணையாலும் அன்று. 1960க்கும், தமிழில் பிள்ளைகளுக்கெனவே சுட்டி டிவி தொடங்கிய 2007க்கும் இடையில் நாற்பத்தேழு ஆண்டுகள். அந்நாற்பத்தேழு ஆண்டுகளும் மக்கள் மக்களோடு பேசினார்கள். அதனால் மொழி நின்றது.

பழமையெல்லாம் பொன் என்று நாம் பாடவில்லை. கூத்து மேடையில் பெண் வேடத்தைப் பெரும்பாலும் ஆணே பூண்டான். கூத்தைப் பார்க்க அமர்ந்த வரிசையிலும் சாதி இருந்தது. அம்புலிமாமாவின் இளவரசிகள் பலர் பரிசுப் பொருளாகவே கொடுக்கப்பட்டார்கள். அக்குறைகளை நாம் இன்று எடுத்துக்கூற முடிகிறதென்றால், அக்கதைகள் பலர் நடுவே சொல்லப்பட்டு, பலராலும் கேள்விக்குள்ளானமையே காரணம். தனியறையில், காதை மூடிய கருவியோடு, ஒரு பிள்ளை மட்டுமே பார்க்கும் கதையை யார் கேள்வி கேட்பது?

தடைவிதித்துத் திரையை உடைக்கச் சொல்கிறோம் என எண்ண வேண்டா. பிள்ளை பீமைப் பார்க்கட்டும். அருகில் நாமும் அமர்வோம். அடிபட்டவனுக்கு வலிக்காதா, அவன் அம்மா என்ன செய்வாள், அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்போம். இரவில் ஒரு கதையை நம் வாயால் சொல்வோம். மறந்த இடத்தில் நாமே புனைவோம். ஊருக்குச் செல்லும் பயணத்தைக் கடைகளுக்கும் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் மட்டும் ஒதுக்காமல், பாரத விழா நடக்கும் ஓர் இரவுக்கும் இடம் வைப்போம். வேடம் கட்டும் இடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, வண்ணம் தீட்டும் கையைக் காட்டுவோம்.

சங்கத்தாருக்கும் ஒன்று சொல்ல விழைகிறோம். நம் ஆண்டு விழாக்களில் ஆறு வயதுச் சிறுமியர், பொருள் அறியாத திரைப்பாடல்களுக்குப் பெரியவர்களின் அசைவுகளோடு ஆடுகிறார்கள். நாம் முன்வரிசையிலிருந்து கைதட்டிப் படமெடுக்கிறோம். பொம்மைப் படத்தை மட்டும் குறைகூற நமக்கு என்ன தகுதி? அம்மேடையில் ஆண்டுக்கு ஒரு முறையேனும், ஒரு பிள்ளை தன் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்ட கதையைத் தன் சொற்களில் சொல்லட்டும். தடுமாறட்டும், பிழையாகப் பேசட்டும். கேட்டிருப்போர் ஒருவர் எழுந்து அதனிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்.

அன்று படுகளத்தில் அச்சிறுவனின் கேள்விக்கு நாம் விடை தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஆயா ஒருவர், எங்கட்கு உறவுமல்லர், குனிந்து அவன் தலையைத் தடவி, "எழுந்திருக்க மாட்டான் கண்ணு. அதனாலதான் அழுவுறாங்க. கெட்டவன்தான், ஆனா அவனும் ஒரு தாய் பெத்த புள்ளதானே" என்றார். சிறுவன் மீண்டும் அந்த மண்ணுருவத்தைப் பார்த்தான்; பின் காந்தாரி வேடத்தாரைப் பார்த்தான்; நம் கையைப் பற்றிக்கொண்டான். வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் கேள்விகள் ஓயவில்லை. அவற்றுள் பாதிக்கு நமக்கு விடை தெரியவில்லை. அத்தகைய கேள்விகளைக் கேட்கும் பிள்ளைகளாக நம் பிள்ளைகள் வளர வேண்டுமாயின், அவர்கள் அருகில் நாம் இருந்தாக வேண்டும்.